அசையாமல் பதினைந்து வினாடி

"மூச்சு விடலாம். அசையக் கூடாது. பதினைந்தே வினாடி!" என்று கத்தினேன்.

மூன்றாவது வினாடியில் ஹில்மார் குனிந்து ஒரு கை பனியை அள்ளினார்.

முதல் படம் பாழ்.

மற்றவர்கள் எல்லோரும் படம் எடுத்து முடித்து, பேருந்தருகே நின்று மீன் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாலை ஆறு மணிதான். ஆனால் நாங்கள் சூரியனைப் பார்த்து ஆறு வாரம் ஆகிவிட்டது. மலைக்கு மேலே வடதுருவத்துப் பச்சை வெளிச்சம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து மேகமும் கிளம்பியிருந்தது. மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் தாங்கும்.

ஹில்மாரும் அவர் மனைவி குன்வோரும் பக்கத்துத் தீவுக்காரர்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டிப் படமெடுத்துக் கொடுக்கும் எங்கள் பேருந்தில் உள்ளூர்க்காரர்கள் ஏறுவதே இல்லை. தன் வீட்டுக் கூரைக்கு மேல் தெரிவதைப் பார்க்க யாராவது சீட்டு வாங்குவார்களா?

ஏறும்போதே ஓட்டுநர் வம்பிழுத்தார். "என்ன பெரியம்மா, உங்க தீவுல இருந்த வானத்தை வித்துட்டாங்களா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. வழியில் ஹில்மார் கண்ணயர்ந்த பிறகு, முன் இருக்கையில் இருந்த என் தோளைத் தொட்டார்.

"திங்கக்கிழமை இவனை முதியோர் இல்லத்துல விடுறேன். சுவத்துல மாட்ட ரெண்டு பேரும் இருக்கற படம் கேட்டாங்க. கூட நிக்கிற பொம்பள யாருன்னு தினம் பாத்துப் பழகட்டுமாம். வீடு பூரா தேடிட்டேன், ஒண்ணுகூட இல்ல. இவன் நாப்பது வருஷம் மீன் பிடிக்கிறேன்னு கடல்லயே கிடந்தான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போன கோடையோட சரி. ஆனா இந்த வெளிச்சம் வந்தா மட்டும் ஜன்னல்கிட்ட போய் ஆடாம நிப்பான். அதான் இங்க வந்தேன்."

அதற்குப் பிறகு எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை ஹில்மார் பாதியில் கை நீட்டி என்னைத் திட்டினார். "ஏ பொண்ணு, கையுறையைப் போடு! விரல் கழண்டு விழுந்தா இந்தப் பனியில எவன் தேடறது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் படம் பாழ்.

மூன்றாவது முறை இருவரையும் நெருக்கி நிற்க வைத்தேன். அந்த அம்மா அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். டார்ச்சை ஒரு வினாடி முகத்தில் அடித்து அணைத்தேன். கேமராவைத் திறந்துவிட்டு, நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு அது. ஆளை நிற்க வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம்.

கேமரா மூடிக்கொண்டபோது ஹில்மார் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளி அந்த அம்மா மட்டும், கோத்த கை கோத்தபடி, கண்கூடச் சிமிட்டாமல் நின்றார். நான் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. அந்த அம்மா பளிச்சென்று இருந்தார். ஹில்மார் பாதிதான் விழுந்திருந்தார். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் மலையும் பனியும் தெரிந்தன. நடுவில் நகர்ந்து போனவர்கள் இப்படித்தான் விழுவார்கள். வாலிபப் பிள்ளைகள் வேண்டுமென்றே இப்படி எடுக்கச் சொல்லி, பேய் பேய் என்று கூச்சல் போட்டுச் சிரிப்பார்கள்.

இதை அந்த அம்மா பார்க்கவே கூடாது. அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.

ஹில்மார் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுத்த கை, உதறினாலும் விடாது. திரையின் மேல் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது குன்வோர்."

அந்த அம்மா அப்போதுதான் அசைந்தார். கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"இந்தக் குளிர்ல ஏன் தனியா நிக்கிறா? அவ பக்கத்துல யாருமே இல்லையா?" என்று ஹில்மார் என்னிடம் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னவோ முணுமுணுத்துக்கொண்டே பனியில் கால் புதையப் புதைய நடந்து போய், மனைவியின் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாவின் கையைத் தானே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் மேகம் மூடிவிட்டது. வானத்தில் ஒரு கீற்றுகூட இல்லை, வெறும் கறுப்பு. சூப் கோப்பைகளை வைத்துவிட்டு எல்லோரும் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் கேமராவைத் திறக்கிறவளை என் கூட்டாளிகள் பார்த்தால் ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

டார்ச்சை அடித்து அணைத்தேன். திறந்தேன். இந்த முறை அண்ணாந்து பார்க்கவில்லை.

ஐந்து. பத்து. பதினைந்து.

ஹில்மார் அசையவில்லை.

ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அப்போதும் அசையவில்லை. முடிந்தது, வாங்க என்று நான்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.