லைன்பாக்கரின் முழங்கால்

“நொண்டி மாப்பிளையை எங்கடை தலையிலை கட்டப் பாத்தனீங்களோ?”

பிறம்ரன் நகரிலிருந்து மகளோடு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மங்களம் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தாள்.

“கொஞ்சமாத்தான் இழுக்கும்! எல்லாம் உந்தப் பாழாய்ப்போன ஃபுட்போலாலை வந்த வினை,” என்று மாப்பிள்ளையின் தாய் சிவயோகமும் கத்தினாள். கனடாவின் ஸ்காபரோவில் பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்குக் கதவில் காது வைக்கவே தேவைப்படவில்லை.

அவள் மகன் நிமலன், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கனடிய ஃபுட்போலில், பல்கலைக்கழக அணியின் லைன்பாக்கராக இருந்தவன். பந்தோடு வருபவனை மோதிச் சாய்ப்பது அவன் வேலை. முழங்கால் போன பிறகு ஹைஸ்கூல் ஒன்றில் கோச்.

“கோச் வேலையையும் விட்டால் பொம்பிளை தாறம்,” என்றாள் மங்களம்.

“அது மட்டும் ஏலாது, அன்ரி,” என்றான் நிமலன்.

மங்களத்தின் மகள் நிலாணி குறுக்கே கேட்டாள்: “எந்த மட்ச்சிலை கால் உடைஞ்சது?”

நிமலன் தாயைப் பார்த்தான். தாய் சுவாமிப்படத்தைப் பார்த்தாள்.

“மட்ச்சிலை ஒரு கீறல்கூட விழேல்லை. எனக்குக் காயம் வரக்கூடாதெண்டு அம்மா முருகனுக்கு நேர்த்தி வைச்சவ. தைப்பூசத்துக்குக் கோயில் கார் பார்க்கிலை வெறுங்காலோடை காவடி ஆடேக்கை, ஐஸ் வழுக்கி விழுந்திட்டன்.”

நிலாணி சிரித்த சிரிப்பில் மங்களமும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

தொண்ணூற்றேழு வைகாசியில் கல்யாணம். இருவரும் பக்கத்து ஊரான பிக்கரிங்குக்குக் குடிபோய்விட்டார்கள். பிள்ளைப்பேறு நல்லபடி நடக்க நேர்த்தி வைக்கட்டோ என்று சிவயோகம் கேட்டாளாம்.

“ஐயோ மாமி, நீங்கள் சும்மா இருந்தாலே போதும்,” என்று மருமகள் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.