பத்தே முக்கால்

"இன்னைக்கும் பத்தே முக்கால்தான்!" தேநீர்க் கோப்பையை ணங்கென்று வைத்தார் கில்பர்ட். "எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கோம். கிரீச்னு கதவு. யாருன்னு திரும்பிப் பார்க்கவே வேண்டாம். எனிட்!"

யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன ஊரில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்தில் பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிறு பத்தரைக்கு வட்டமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் மௌனம். அதுதான் வழிபாடு.

"வீடு அடுத்த தெருவுலதானே?" என்றார் யாரோ.

"அதான் சொல்றேன். பத்து முப்பத்தஞ்சுக்குத் தாழ்ப்பாள் போட்டுடுவோம். பத்து வருஷமாப் பொறுத்தாச்சு."

கூட்டத்தின் செயலாளர் ஃப்ரீடா பேனாவை மூடினார். "எனிட் ஒப்புக்காம நான் முடிவு எழுத மாட்டேன், கில்பர்ட். இங்க ஓட்டெடுப்பு கிடையாது, எல்லாரும் ஒத்துக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே போய்ப் பேசுங்க. அன்பா."

"அன்பாத்தான் பேசுவேன்," என்றார் கில்பர்ட் கோபமாக.

சமையலறையில் எனிட் அத்தனை பேரின் கோப்பைகளையும் கழுவிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று கில்பர்ட்டுக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கே எனிட்டின் வீட்டுக்குப் போனார். கையோடு கூட்டி வந்துவிடலாம், வழியிலேயே பேசிவிடலாம். வீடு பூட்டியிருந்தது.

மழையில் தேடித் தேடி, குடை பிடித்தும் நனைந்ததுதான் மிச்சம். பத்தரைக்குக் கூடத்துக்குத் திரும்பினார். எதிர்ப்புறம் பேருந்து நிழற்குடையில், பின்னல் ஊசியும் கையுமாக எனிட்!

"ஞாயித்துக்கிழமை இங்க பஸ்ஸே கிடையாதே, எனிட்?"

"தெரியும்ப்பா. குடையை மடக்கிட்டு உட்காரு."

"எப்ப வந்தீங்க?"

"ஒன்பதே முக்காலுக்கு. எல்லா ஞாயிறும் அப்படித்தான்."

"அப்புறம் ஏன் உள்ள வர..."

"ஷ்! அங்க பாரு."

கூடத்தின் கேட்டருகே நரைத்த தாடிக்காரர் ஒருவர். அறிவிப்புப் பலகையைப் படித்தார். போனார். திரும்பி வந்தார். கேட்டின் மேல் கையை வைத்தார், எடுத்தார்.

"இன்னைக்கு மட்டும் மூணாவது தடவை," என்று முணுமுணுத்தார் எனிட். "முதல் தடவை வர்றவங்க சீக்கிரமா வந்துடுவாங்க. ஆனா உள்ள போகத் தைரியம் வராது. பத்தரை ஆனதும், ஐயோ லேட்டாயிடுச்சேன்னு ஒரு சாக்கு கிடைச்சிடும். திரும்பிடுவாங்க."

"யாருமே வராத வாரம்?"

"பின்னல் கொஞ்சம் வளரும். பத்தே முக்காலுக்கு உள்ள வந்துடுவேன். சரி, நீ போ. உனக்கு லேட்டாகுது."

கில்பர்ட் அசையவில்லை.

பத்தே முக்கால் ஆகப்போகும்போது தாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு, வந்த வழியே நடையைக் கட்டினார்.

எனிட் ஊசிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு மழையில் ஓடினார். மூச்சு வாங்கியது.

"பத்தே முக்கால் ஆயிடுச்சுங்க! வாங்க, ஒண்ணாவே போயிடலாம். அந்தக் கதவு கத்தும். பயப்படாதீங்க, பழி என் மேலதான் விழும்!"

தாடிக்காரர் சிரித்துவிட்டார். இருவரும் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார்கள்.

கில்பர்ட் மட்டும் நிழற்குடையிலேயே உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மனைவியை அடக்கம் செய்த மறு மாதம், இதே கேட்டிலிருந்து திரும்பி நடந்தவர் அவர். எனிட்டின் இதே வார்த்தைகள்தான் அவரையும் நிறுத்தின.

அன்று எனிட்டோடு உள்ளே நுழைந்தபோது நினைத்ததும் இப்போது நினைவுக்கு வந்தது: 'நல்லவேளை, என்னை மாதிரியே நேரங்கெட்ட ஆள் இன்னொருத்தரும் இங்க இருக்காங்க.'