பத்து நிமிஷப் படிவம்

பிளாக் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. இந்த ஆளை இன்றோடு தலைமுழுகிவிட வேண்டும்.

காலையிலிருந்து ஏழு பிழைப் புகார். ஏழும் ஒரே ஆளிடமிருந்து. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வார்த்தை. மேலே இருந்தது 'மாறிடுச்சு'. அதற்குக் கீழே 'குரலா'. அதற்கும் கீழே 'பொம்பளை'.

பொம்பளையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் என் தங்கையும் சேர்ந்து நடத்துகிற மென்பொருள் இது. எழுதினால் அதைச் சத்தமாகப் பேசிக் காட்டும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். சும்மா கிடைப்பதென்றால் சிலருக்கு இளக்காரம்தானே.

குறை சொல்வதற்கென்றே ஒரு படிவம் வைத்திருந்தேன். எட்டுக் கட்டம், பத்து நிமிஷம். பாதியில் எழுந்து போகிறவர்கள்தான் அதிகம் என்பதால், பத்தாவது நிமிஷம் எழுதியவரைக்கும் தானே அனுப்பிவிடும். அது என் யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் படிவத்தைச் சுருக்கச் சொல்லி தங்கை ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் அப்புறம், முதலில் இவனைத் தூக்குகிறேன், தூக்கிவிட்டால் இனி நம்மிடம் வாயே திறக்க முடியாது என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வார்த்தைகளைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"கையை எடு, அக்கா. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சரியா பத்து நிமிஷம்."

புதிதாக வந்தது மேலே நிற்கும். அதனால் அவள் கீழிருந்து வாசித்தாள். அப்டேட். போட்டதும். நான். பேசுறது. பொம்பளை. குரலா. மாறிடுச்சு.

அந்த ஆள் விளையாடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் படிவம்தான் அவரிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. மனுஷர் சளைக்காமல் மறுபடி படிவத்தைத் திறந்து, அடுத்த வார்த்தையை ஆரம்பித்திருக்கிறார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையும் வராமல் பேச்சும் வராமல், கண்ணை மட்டும் அசைக்க முடிகிறவர்களுக்காகத்தான் இதைச் செய்தோம். ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அந்த எழுத்து திரையில் விழும். அப்படி எழுதுகிறவர்களுக்குப் போய்ப் பத்து நிமிஷக் கெடு வைத்திருக்கிறேன், புத்திசாலி!

கெடுவை எடுத்தோம். எட்டுக் கட்டத்தை மூன்றாக்கினோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, புதுப் படிவத்தை அனுப்பி, இன்றைக்குள் குரலைச் சரிசெய்து தருகிறேன் என்று எழுதினேன்.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நாங்கள் எழவில்லை.

வந்தது. மூன்று கட்டமும் நிரம்பி, ஒரே புகாராக வந்தது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கட்டத்தில் 'வேறு ஏதாவது?' என்று கேட்டிருந்தோம். அவர் எழுதியிருந்தார்:

"என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ சிரிச்சு ரெண்டு வருஷமாச்சு. மெதுவாவே சரி பண்ணுங்க."