முதல் முள்ளங்கி

"அர்காதி லுகிச்! உங்க வீட்டுக் குப்பையைக் கொட்ட என் புருஷனோட பாத்திதான் கிடைச்சுதா?"

ரயீசா போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன.

பின்னே என்ன? நகரத்திலிருந்து ரயிலில் வந்து, முழங்காலளவு பனியில் தட்டுத்தடுமாறி நடந்து, தோட்டக் கதவைத் திறந்தால் இந்தக் கோலம். மார்ச் மாதம் பிறந்தும் ஊரெல்லாம் வெள்ளை. அவள் கணவர் வாதிமின் பாத்தி மட்டும் கரேலென்று கிடந்தது. பனியின் மேல் அடுப்புச் சாம்பல்!

வேலியில் பலகை பெயர்ந்த சந்து வழியாகக் காலடித் தடம் நேராக அடுத்த தோட்டத்து அர்காதி வீட்டுக்குப் போயிற்று.

அர்காதி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சாம்பல்தானே, ரயீசா பெத்ரோவ்னா. பாத்திக்கு நல்லது..."

"நல்லதுன்னா உங்க பாத்தியில கொட்டிக்க வேண்டியதுதானே!"

"வாதிம் இருந்திருந்தா அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"செத்தவரை எதுக்கு இழுக்கிறீங்க?"

வாதிமுக்கும் அர்காதிக்கும் இருந்த பகை அந்தத் தோட்டக் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் முள்ளங்கி வாதிமின் பாத்தியில்தான் விளையும். பறித்த கையோடு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதலில் அர்காதிக்கு, அவர் வயிறு எரியட்டும் என்றே. அர்காதி எப்போதும் இரண்டாவது. மற்றபடி இருவருக்கும் பேச்சு கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாதிமுக்கு இதே நினைப்புதான். "விதை அலமாரியில இருக்கு, ரயா. வர்ற வருஷமும் முதல் முள்ளங்கி நம்மளோடதா இருக்கணும்."

ரயீசாவுக்குத் தோட்டம் என்றால் ஜூன் மாதம் வந்து ஜாம் காய்ச்சுவதுதான். விதைப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று சொல்லியிருந்தாள். அவருக்காகச் செய்ய இனி அது ஒன்றுதான் பாக்கி.

"அவர் போயிட்டார், இனி நாமதான் ராஜான்னு நினைப்பு! அதுக்காக இப்பவே எங்க மண்ணைக் கெடுக்கிறீங்க. வெட்கமா இல்லை?"

அர்காதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயீசா சும்மா விடுவாளா? பெயர்ந்த பலகையை ஆணி வைத்து அடித்தாள். மண்வாரியை எடுத்துச் சுற்றியிருந்த சுத்தமான பனியை எல்லாம் அள்ளி அள்ளிச் சாம்பல்மேல் குவித்தாள். பொழுது சாய்வதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. அழுக்கு மேஜைக்கு வெள்ளை விரிப்பு போட்ட திருப்தியோடு ரயில் ஏறினாள்.

ஏப்ரலில் விதைப் பொட்டலத்தோடு வந்தவள் திகைத்து நின்றாள். வழியில் பார்த்த பாத்திகளிலெல்லாம் ஈரமண் தெரிந்தது. அவள் பாத்தியில் பனி இடுப்பளவு நின்றது.

எதிர்த் தோட்டத்தில் தாமரா பாத்திக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திக்கொண்டிருந்தாள்.

"தாமரா, எனக்கு மட்டும் ஏன் இன்னும் உருகலை?"

"சாம்பல் தூவலையா நீ?"

"சாம்பலா?"

"என்ன ரயா, இதுகூடத் தெரியாதா? பனி மேல சாம்பல் போட்டா வெயிலை இழுத்துக்கும். சீக்கிரம் உருகிடும். வாதிம் வருஷா வருஷம் அதைத்தானே பண்ணுவார்! நான் போன வாரமே விதைச்சாச்சு. இந்த வருஷம் முதல் முள்ளங்கி என்னோடதுதான், போ!"

தாமரா சிரித்தாள். ரயீசா தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். கணவரின் கடைசி ஆசையைத் தன் கையாலேயே, அதுவும் அத்தனை பாடுபட்டு மூடியிருக்கிறாள்.

அர்காதியின் கதவை எந்த முகத்தோடு தட்டுவது? தட்டத்தான் வேண்டும். வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அர்காதி லுகிச்?"

"நீங்க எங்க பேச விட்டீங்க."

வேலி மறைத்திருந்த அவருடைய பாத்தியை அப்போதுதான் பார்த்தாள். அதுவும் வெள்ளையாகவே கிடந்தது. பொட்டுச் சாம்பல் இல்லை.

"உங்க பாத்தியும் உருகலையே!"

"குளிர்காலம் முழுக்க எரிச்ச சாம்பல் ஒரு பாத்திக்குத்தான் வந்துச்சு."

"அதை உங்க பாத்தியிலேயே போட்டிருந்தா இந்த வருஷம் நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

அர்காதி அவளைப் பார்க்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"அவன் இல்லாத வருஷத்துல ஜெயிச்சு நான் என்ன பண்ண? கடைசியா இந்த ஒரு தடவையும் அவனே ஜெயிக்கட்டும்னுதான் நினைச்சேன், ரயீசா பெத்ரோவ்னா."