இரும்பு மெர்வின் சொன்னது

மெர்வின் தலையைக் குனிந்தபடி டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே படிக்கும்படி அவ்வளவு பேச்சுப் பேசியதாகப் பெயர் எடுத்தவன், இப்போது டீயில் ஆடை படிவதைத் தவிர உலகத்தில் வேறு அக்கறை இல்லாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

"பேசுற வாய்க்கு இப்ப பூட்டா?" என்று கேட்டார் ஆஸ்டின். குழுவுக்குக் கேப்டன் அவர்தான். பகலில் ஷேர் ஆட்டோ, மற்ற நேரத்தில் துப்பாக்கி.

துப்பாக்கி என்றால் போன் கேமில் சுடுகிற துப்பாக்கி. 'இரும்புலியூர் இரும்பு' என்று நான்கு பேர் சேர்ந்த குழு. ஒவ்வொருவர் ஐடிக்கும் முன்னால் 'இரும்பு' என்று இருக்கும். வருஷக்கணக்காக ஆடி, இப்போதுதான் முதல் தடவையாகப் பைனலுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் டீமோடு மோதல்.

அதற்குள் கேமுக்குள்ளேயே இருக்கும் போட்டிப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, 'இரும்பு மெர்வின்' என்ற பெயரில் மூன்று கமெண்ட் வந்துவிட்டது. விசாரிக்க வந்தவள் போட்டி நடத்தும் மிருதுளா. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, டீக்கடை பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

போனைப் பார்த்து, கரண்ட் பில் படிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"ஒண்ணு. 'கப்பை மேடவாக்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?' ரெண்டு. 'அபார்ட்மென்ட் பசங்க ஏசியில உக்காந்து சுடுறானுங்க, ஒரு நாள் வெயில்ல நின்னு சுடச் சொல்லு.' மூணு. 'போட்டி நடத்துற அம்மாவுக்குத் துப்பாக்கிக்கும் தோசைக்கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது.'"

மூன்றாவதைப் படிக்கும்போதும் அவள் குரல் மாறவில்லை.

"இது மெர்வினோட கருத்தா, இல்ல உங்க குழுவோட கருத்தா? குழுவோடதுன்னா ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வீட்டுலயே இருங்க."

"சத்தியமா அவனோட சொந்தக் கருத்து மேடம்," என்றார் ஆஸ்டின். "மொதல்ல இருக்கே, அது சும்மா ஒரு கேள்வி. கேள்வி கேக்குறதுல தப்பில்ல. ஆனா மத்த ரெண்டும் அசிங்கம்."

வெல்டிங் பட்டறை லாசரஸுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னாண்ணா நீ? மொதல்லதான் அபாண்டமா கீது. மேடத்தைத் திருடின்னு சொல்றாப்ல. நடுவுல கீற ஏசி மேட்டர்ல இன்னா தப்பு? வெயில்ல நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஜீவானந்தம் தொண்டையைச் செருமினான். "தோசைக்கரண்டி... அது தமாசு மேடம். கொஞ்சம் ரசனையோட எழுதினது. மத்த ரெண்டும் வெறும் வயித்தெரிச்சல்."

மிருதுளா மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். "ஆளுக்கு ஒண்ணு சரின்னு சொல்றீங்க. கூட்டிப் பார்த்தா மூணுமே சரின்னு வருதே?"

"அது எங்க தனித்தனி கருத்து மேடம்," என்றார் ஆஸ்டின். "குழுவா பார்த்தா மூணுமே தப்பு."

லாசரஸும் ஜீவானந்தமும் தலையாட்டினார்கள். குழுவாக ஆட்டினார்கள்.

மெர்வின் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் படப்பை தாண்டி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடிகிறவரை அவன் ஐடி சும்மா கிடந்தால் பாயிண்ட் இறங்கிவிடும் என்று மற்ற மூவரும் மாறி மாறி ஆடிக் கொடுப்பார்கள். அவ்வளவு ஒற்றுமை. இந்தப் பைனலுக்காகவே சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையை லீவாக வாங்கி வைத்திருந்தான்.

"அப்போ ஒரே வழிதான்," என்றாள் மிருதுளா. "'இது அவரோட தனிப்பட்ட கருத்து, அவரைக் குழுவுல இருந்து நீக்கிட்டோம்'னு போட்டிப் பக்கத்துல போடுங்க. குழு ஆடலாம். அவர் ஆட முடியாது."

நான்கு பேரில் குறி தப்பாமல் சுடுகிறவன் மெர்வின்தான். அது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்டின் லாசரஸையும் ஜீவானந்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நீக்கிடலாம் மேடம்," என்றார் ஆஸ்டின். "என் மச்சான் ஒருத்தன் கீறான், அவனை எறக்கிக்கிறோம். டிசிப்ளின்தான் மேடம் முக்கியம். நீக்கறதுக்கு யார் யார் சம்மதம்?"

மூன்று கை உயர்ந்தது.

"மெர்வின், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் மிருதுளா.

இல்லை என்று தலையசைத்தான். டீயை ஒரே மடக்கில் குடித்துக் கிளாசைக் கீழே வைத்தான்.

"சரி. போறதுக்கு முன்னாடி அந்த மூணு கமெண்ட்டையும் என் கண்ணு முன்னாடியே அழிச்சிடுங்க."

மெர்வின் போனை எடுத்தான். ஐடியைத் திறந்தான். கமெண்ட் மூன்றையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, முதல் தடவையாகப் படித்தான். படித்து முடித்துவிட்டு, போனை எதிர் பெஞ்சில் இருந்த மூவர் பக்கம் நீட்டினான்.

"இந்தாங்கண்ணா, அவங்கவங்க போட்டதை அவங்கவங்களே அழிச்சிடுங்க."