பனிக்காலத்துக்கு ஒன்று

ஒரு கூண்டில் சேவலையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பதினாறு கோழிகள் இருந்தன. தலை எண்ணுவது சேவலின் வேலை. பனிக்காலத்தில் சளி பிடித்து வருஷத்துக்கு ஒரு கோழி சாவது அங்கே வழக்கம்.

அந்த வருஷம் புதிதாக ஒரு நோய் வந்தது. முதல் நாள் காலையில் ஒரு கோழி செத்துக் கிடந்தது.

“ஒண்ணுதான். போன வருஷமும் ஒண்ணுதான்” என்றது சேவல்.

மறுநாளும் ஒன்று செத்தது. சேவல் அதையே சொன்னது. மூன்றாம் நாளும் சொன்னது.

புள்ளிக்கோழிக்கு மூன்று குஞ்சுகள். தாழ்ந்த கிளைக்குப் பறக்க அப்போதுதான் பழகியிருந்தன. அது சேவலிடம் போனது.

“அண்ணே, போன வருஷம் ஒண்ணுங்கிறது மொத்தப் பனிக்காலத்துக்கும். இப்ப தினம் ஒண்ணு போகுது.”

“நீ எப்பம்மா கணக்குப் படிச்சே? குஞ்சுகளைப் பயமுறுத்தாம உள்ளே போய்ப் படு.”

அன்று சாயங்காலமே புள்ளிக்கோழி குஞ்சுகளோடு கூண்டுக்கு வெளியே நின்ற முருங்கைமரக் கிளையில் ஏறிக்கொண்டது.

“மகாராணி மாடிக்குக் குடிபோயிட்டாங்க” என்று மற்றக் கோழிகள் சிரித்தன.

பதினோராம் நாள் கூண்டில் சேவல் மட்டும் இருந்தது. “இன்னைக்கும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு இரண்டு முறை தும்மியது. பிறகு அண்ணாந்து பார்த்தது.

“அங்கே இடம் இருக்கா? எண்ணுறதுக்கு உயரமான இடம் வசதின்னு தோணுது.”

புள்ளிக்கோழி குஞ்சுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

“வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கு, அண்ணே. அங்கேயிருந்து எண்ணினாலும் சரியாத்தான் வரும்.”