கதவு சாத்தும் காட்சி

"அந்த நாடகத்தை நிறுத்தியே ஆவணும்" என்று மைக்கில் கண்ணாயிரம் சொன்னதுதான் தாமதம், கல்யாண மண்டபமே கைதட்டியது.

மேடையில் உட்கார்ந்திருந்த வைதேஹிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரசு தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் அந்த நாடகத்தை எழுதி இயக்கியவள் அவள்தான். ஆணாகப் பிறந்து, தன்னைப் பெண்ணாகவே உணரும் ஒரு குழந்தையின் கதை. பாதிதான் ஓடியிருந்தது. அதற்குள் புகார் மேல் புகார். நேயர் சந்திப்பு என்று ஒன்றை வைப்போம், ஜனங்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டுத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வோம் என்றுவிட்டார் நிலைய இயக்குநர். கதை நடப்பது காஞ்சிபுரத்தில் என்பதால் சந்திப்பும் அங்கேயே. அதுவும் வைதேஹி பிறந்து வளர்ந்த சின்ன காஞ்சிபுரத்தில்.

கண்ணாயிரம் அங்கே நெசவாளர் சங்கத் தலைவர். கேபிள் இழுத்த வீட்டிலாவது சேனலை மாற்றிக்கொள்ளலாம், ஆன்டெனா மட்டும் இருக்கிற வீட்டில் இதை விட்டால் வேறு போக்கு ஏது என்று கேட்டார். கவர்மென்ட் டி.வி.யே இப்படிக் காட்டினால் பிள்ளைகள் உருப்படுமா என்றார். பையனுக்குப் புடவை ஆசை வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போமா என்றும் கேட்டார்.

வைதேஹியால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"கார்த்தால பெருமாள் நாச்சியார் திருக்கோலத்துல புடவை கட்டிண்டு பல்லக்குல வந்தாரே. நீங்கதானே மொத ஆளா விழுந்து சேவிச்சேள்?"

"அது சாமிம்மா. சாமி இன்னா வேணா கட்டிக்கும். வூட்டுப் புள்ளையும் சாமியும் ஒண்ணா?"

மண்டபம் சிரித்தது. மேடையிலிருந்த நிலைய இயக்குநரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உற்சவத்துக்கு ஊரெல்லாம் சேவிக்கும், வீட்டில் ஒரு குழந்தை அப்படி இருந்தால் மட்டும் குடி முழுகிப் போய்விடும் என்று வைதேஹி மனசுக்குள் பொருமினாள்.

"ஆனா நாயத்தையும் சொல்லணும்பா" என்றார் கண்ணாயிரம். "போன வாரம் அந்தத் தாய்க்காரி புள்ளைய வெளிய தள்ளிக் கதவைச் சாத்துனா பாரு, அது சரி. மொத்த நாடகத்துல அந்த ஒரு சீனுதான் உருப்படி."

மறுபடியும் கைதட்டல்.

முதலில் வைதேஹி எழுதியதில் அந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். அதை ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், துரத்துவதாகக் காட்டு, அப்போதுதான் அனுமதி என்றது மேலிடம். நாடகம் வெளியே வந்தால் போதும் என்று அவளும் மாற்றி எழுதிக் கொடுத்தாள். எடுத்த அன்றைக்குக் கேமராக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் மனசு கரையும் என்று நம்பியிருந்தாள். இந்த ஜென்மங்கள் கைதட்டுகின்றன.

கண்ணாயிரம் விடவில்லை. தன் தெருவில் ஒரு பெண், அந்த வாரத்து நாடகம் முடிந்த கையோடு மாடியேறி ஆன்டெனாவையே பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். பெண்பிள்ளைக்கு இருக்கிற ரோஷம் நமக்கு இல்லையே என்றார்.

"லோகாம்மா, நீயே வந்து சொல்லும்மா."

கடைசி வரிசையிலிருந்து லோகாம்பாள் எழுந்து வந்தாள். தறியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையில் அங்கங்கே பட்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் நீட்டிய மைக்கை வாங்கவில்லை. மேடையேறி வைதேஹிக்கு எதிரே போய் நின்றாள்.

"நீதான் எழுதினியாமா?"

"ஆமாம்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? அதைப் பாத்ததுலேர்ந்து எங்க வூட்ல சோறே எறங்கல."

கீழே இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் விரலை நீட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. அதற்கே விசில் பறந்தது.

வைதேஹிக்குப் பொறுமை போய்விட்டது. ஆம்பிளைகள் பேசினால் பேசட்டும், பெற்றவளுமா இப்படி?

"அந்தக் கொழந்தை உங்களை என்ன பண்ணித்து? அதைப் பார்த்தா உங்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்?"

"கொழந்தை மேல எனக்கு இன்னாமா ஆத்திரம்? நீ அந்தத் தாய்க்காரிய வுட்டுக் கதவைச் சாத்த வச்ச பாரு, அதைத்தான் கேக்கறேன். எந்தத் தாயைக் கேட்டு அப்படி எழுதின?"

மேலிடம் என்று ஆரம்பித்தாள் வைதேஹி.

கண்ணாயிரம் மைக்கைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் பிடித்தார். லோகாம்பாள் அதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்லா நாலு கேளும்மா என்று கீழேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் வைதேஹியின் காதருகே குனிந்தாள்.

"எம்புள்ளையும் அப்படித்தாம்மா. எனக்கும் அதுக்கும் மட்டுந்தான் தெரியும். போன வாரத்துலேர்ந்து துணியெல்லாம் மஞ்சப் பையில எடுத்து வச்சுக்கினு, 'என்னை என்னைக்கிம்மா தொரத்துவ?'ன்னு கேட்டுக்கினே இருக்குது."